நடுராத்திரியில் கத்தும் கார்: கேள்வி-பதில்

எங்கள் கார் 2009-ல் வாங்கியது. ஒரு மாதமாக நடுராத்திரியில் தானாகவே அலாரம் அடிக்கிறது. தெருவே எழுந்து வருகிறது. காருக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறார் மாமியார். – வாசகி, திருநெல்வேலி

பிடித்திருப்பது அநேகமாகத் துரு! பானெட்டைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். ரப்பர் தொப்பி போட்ட சின்ன ஸ்விட்ச் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சில கார்களில் அது பானெட் பூட்டுக்குள்ளேயே இருக்கும். பானெட் மூடியிருக்கிறதா என்று அலாரத்துக்குத் தகவல் சொல்வது அதுதான். வருஷக்கணக்கில் மழையும் புழுதியும் பட்டு அது மக்கர் செய்தால், மூடிய பானெட்டை யாரோ திறந்துவிட்டதாக அலாரம் நம்பிவிடும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பலமுறை அழுத்தி விடுங்கள். அடங்காவிட்டால் ஸ்விட்சை மாற்றிவிடுங்கள்.

கதவு ஸ்விட்சுகளையும் சந்தேகப்படுங்கள். எல்லாக் கதவையும் சாத்திய பிறகும் உள்விளக்கு எரிந்தாலோ, ‘கதவு திறந்திருக்கிறது’ லைட் மினுக்கினாலோ, குற்றவாளி அங்கேதான் இருக்கிறார்.

அதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றினாலும் கத்துகிறதே! – வாசகர், நாகர்கோவில்

சில கார்களின் சைரனுக்குள் தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கும். திருடன் வயரை வெட்டினாலும் கத்த வேண்டும் என்பதற்காக வைத்தது. வயதானால் அது கசிந்து சைரனின் சர்க்யூட்டை அரித்துவிடும். அப்புறம் காரணமே இல்லாமல் கத்தும். சைரனை மட்டும் மாற்றினால் போதும்.

பெரிய பேட்டரியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் ஆரோக்கியம். 12-க்குக் கீழே போனால், அலாரத்தின் கோளாறு என்று நீங்கள் நினைத்தது பேட்டரியின் கோளாறாக இருக்கலாம். டெர்மினலில் உப்புப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

ரிமோட்டுக்குப் புது செல் போட்டேன். கதவு திறக்கிறது. ஆனால் செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டரில் சாவி படம் மினுக்குகிறது. – வாசகர், சேலம்

ஒரே சாவிக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ரிமோட் கதவைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு செல் வேண்டும். இம்மொபிலைசர் சிப் என்ஜினைப் பார்த்துக்கொள்வார். பெரும்பாலான பழைய கார்களில் அவருக்கு செல்லே வேண்டாம். சாவி போடும் இடத்தைச் சுற்றியுள்ள ஆன்டெனா காயிலிலிருந்தே மின்சாரம் வாங்கித் தன் ரகசிய எண்ணைச் சொல்வார். எண் பொருந்தாவிட்டால் என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்திவிடும். சில கார்களில் என்ஜின் கிளம்பி, ஓரிரு விநாடியில் அணைந்துவிடும்.

கொத்திலிருந்து அந்தச் சாவியைத் தனியாகக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு சிப் சாவி தொங்கினாலே குழப்பம் வரும். பிறகு இரண்டாவது சாவி. அதில் ஸ்டார்ட் ஆனால் முதல் சாவியின் சிப்தான் போயிருக்கிறது. இரண்டிலும் ஆகாவிட்டால் காயில், அதன் வயர், ஃபியூஸ் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உடைந்த சாவிக்குப் புதுக் கவர் போட்டேன். அன்றிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை! – வாசகர், மதுரை

பழைய கவர் எங்கே? குப்பையில் என்றால் உடனே ஓடுங்கள்! சிப் அதற்குள் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயாகவோ, சின்னக் கறுப்புக் கட்டியாகவோ இருக்கும். பத்திரமாக எடுத்துப் புதுக் கவரில் வையுங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் புது சிப் வாங்கி, காரோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

“இந்தத் தொல்லையே வேண்டாம், இம்மொபிலைசரைத் தூக்கிவிடலாம்” என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? – வாசகர், ஈரோடு

கூடாது. சாவித் துவாரத்து வயர்களை உருவி இணைத்து வண்டியைக் கிளப்பும் வித்தைக்கு முடிவு கட்டியது இந்த சிப்தான். ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபரிலிருந்தும், ஆஸ்திரேலியா 2001 ஜூலையிலிருந்தும் புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கின. ஒரு காயிலோ சாவியோ பழுதானதற்காகப் பூட்டையே பெயர்த்தெறிய வேண்டாம். வயரை வெட்டி ஒட்டினால் நாளைக்கு வேறு கோளாறு கிளம்பும். எங்கே வெட்டினார் என்று தேடுவதற்கே தனியாகக் கூலி ஆகும்.

“கம்ப்யூட்டர் போயிடுச்சு” என்று சொன்னாலும் அவசரப்படாதீர்கள். ஸ்கேனர் போட்டு, என்ன கோடு வருகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய மார்க்கெட்டில் வாங்கிய கம்ப்யூட்டர், மறுபதிவு செய்யாமல் உங்கள் சாவியை ஏற்காது.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன். ஒரே சாவிதான் கொடுத்தார்கள். போதும்தானே? – வாசகி, கோவை

போதாது. இந்த வாரமே இரண்டாவது சாவி செய்துவிடுங்கள். கையில் ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்றைப் பதிவு செய்வது சுலபம். இருப்பதும் தொலைந்தால் வேலையும் கூடும், செலவும் கூடும். கார் திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் வழக்கமாக இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். முதலில் பேட்டரி, அடுத்து சாவி, பிறகு ஸ்விட்சும் வயரும், கடைசியில்தான் கம்ப்யூட்டர். இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.