மியூட் நீக்கும் முறைமை: முதிர்மாணவர் குறித்த ஒரு முன்னாய்வு

வேலையும் குடும்பமும் நிலைபெற்ற பின், விட்டுப்போன பட்டத்தை முடிக்கவோ பதவி உயர்வுக்கு வழி தேடவோ தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர் இக்கட்டுரையில் ‘முதிர்மாணவர்’ எனப்படுவார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய காலத்தில் இவருக்கு வேண்டியிருந்தவை ஒரு பேனாவும், தபால்காரரின் நல்லெண்ணமும், நேர்முக வகுப்புக்குச் செல்லும் பேருந்தில் ஓர் இருக்கையுமே ஆகும். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு அந்த வகுப்பைக் கைப்பேசிக்குள் புகுத்தியபின், ஜூம், கூகுள் மீட், வாட்ஸாப் ஆகிய மூன்றும் எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாமலேயே இவருக்குக் கட்டாயப் பாடங்களாயின.

இப்பாடங்களில் முதிர்மாணவர் தடுமாறுவது பொத்தான்களை அறியாமையால் என்பது அவர்தம் பிள்ளைகள் கொண்ட கொள்கை, அது மறுக்கத்தக்கது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் மரபை வகுக்கையில், மாணவன் காலத்தோடு செல்ல வேண்டும், ஆசிரியர் பணித்தபின் அமர வேண்டும், கேட்டபின் வாய்திறக்க வேண்டும், ஓவியத்தில் எழுதிய பாவைபோல் அடங்கியிருக்க வேண்டும், விடைகொடுத்தபின்னரே செல்ல வேண்டும் என்கிறார். முதிர்மாணவர் இவ்விதிகளை இன்றளவும் வழுவாது பின்பற்றுகிறார் என்பதும், அவருடைய இடர்கள் யாவும் அதனாலேயே விளைகின்றன என்பதும் இவ்வாய்வின் துணிபு.

காலத்தோடு செல்லுதல் என்னும் விதிப்படி அவர் அரைமணி முன்னதாகவே லிங்க்கை அழுத்தி, ஆசிரியர் அனுமதிக்கும்வரை மாணவரை வெளியே நிறுத்திவைக்கும் காத்திருப்பு அறையில் தலைவாரிய கோலத்துடன் அமர்ந்திருப்பார். இதில் ஆய்வுக்குரியது அதிகமில்லை.

கேட்டபின் வாய்திறத்தல் என்பதே சிக்கலின் மையம். ‘மியூட்’ என்பது பேசுபவரின் குரல் பிறரைச் சென்றடையாதபடி மைக்கை அடைத்துவைக்கும் நிலை. ஆசிரியர் வினவியதும் விடை தெரிந்த அம்மையார் ஒருவர் அதை முழுமையாகவும் மேற்கோளுடனும் கூறி முடிப்பார். திரையில் உதடுகள் மட்டும் அசையும். “அம்மா, மியூட்ல இருக்கீங்க” என்று ஆசிரியர் அறிவித்தவுடன் அவர் பொத்தானைத் தேடித் திரையை நெருங்க, வகுப்பினருக்கு நெற்றியில் பாதியும் மின்விசிறியும் காட்சிதரும். அடுத்து கேமரா அணையும். அதன்பின் அறையின் உட்புறம் நோக்கி மகன் பெயர் அழைக்கப்படுவது வகுப்பு முழுவதற்கும் கேட்கும், ஏனெனில் இதற்குள் மைக் திறந்துவிட்டது. “இப்ப கேக்குதா சார்?” “கேக்குது, சொல்லுங்கம்மா.” விடை மறந்திருக்கும். திறந்த மைக்கை மீண்டும் அடைக்க எவருக்கும் நினைவிராது. குக்கரின் மூன்றாம் விசிலும், கீரை என்ன விலை என்ற விசாரணையும் பாடத்தோடு கலந்து ஒலிக்கும்.

பழியைப் பயனாளர்மேல் சுமத்துமுன் அப்பொத்தானையும் ஆராய்தல் முறை. ஜூம் செயலியில் மைக் அடைபட்டிருக்கையில் அதன் படத்தின்மீது குறுக்குக்கோடு தோன்றும். படத்தின் கீழோ, ஊரடங்குக் காலத்துப் பதிப்புகளில், ‘அன்மியூட்’ என்று எழுதியிருந்தது. படம் அப்போதுள்ள நிலையையும், எழுத்து அழுத்தினால் வரப்போகும் நிலையையும் உணர்த்தியதால், நிகழ்காலமும் எதிர்காலமும் ஒரே பொத்தானில் குடியிருந்தன. கால வழுவமைதியை இலக்கணத்தில் படித்துத் தேறியவரும் இங்கே இருமுறை அழுத்திப் பழைய நிலைக்கே மீண்டதில் வியப்பில்லை.

ஓவியப் பாவைபோல் அடங்குதலை அலைபேசிக் கோபுரமே நிறைவேற்றித் தருகிறது. நெட்வொர்க் தளர்ந்ததும் மாணவர் வாய் பாதி திறந்த நிலையில் உறைந்துவிடுவார்; அதை ஆழ்ந்த கவனம் எனக் கொண்டு ஆசிரியர் மேலும் கால்மணி நேரம் ஊக்கத்துடன் விளக்குவதுண்டு.

மரியாதை மிகுந்து கல்வியைக் கெடுக்கும் இடம் வாட்ஸாப் குழு. ஆசிரியர் பாடக்குறிப்பை அனுப்பியதும், மறுமொழி கூறாதிருத்தல் பண்பன்று என்று கருதும் குழுவினர் அனைவரும் கைகூப்பிய படங்களையும் ‘நன்றி ஐயா’க்களையும் வரிசையாக அனுப்ப, குறிப்பு மேலேறிக் கண்ணுக்கு மறைந்துவிடும். பின்னர் வருபவர், “ஐயா, நோட்ஸ் இன்னும் வரவில்லையே” என்று வினவுவார். அது மறுபடி அனுப்பப்படும். நன்றிகளும் மறுபடி தொடங்கும்.

விடைபெற்றுச் செல்லுதலே இம்மரபின் உச்சம். வகுப்பு முடிந்தது என்று ஆசிரியர் அறிவித்தபின்னும், அவருக்கு முன்பாகச் சிவப்புப் பொத்தானை அழுத்துவது அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும் என்று மாணவர் தயங்குவர்; மாணவர் இருக்கத் தாம் வெளியேறுவது முறையன்று என்று ஆசிரியரும் தயங்குவார். இரு தரப்பும் கைகூப்பிப் புன்னகைத்தபடி அசையாதிருக்கும் இந்நிலையை, பணம் கட்டாத ஜூம் கணக்காயின், 40 நிமிடம் நிறைந்ததும் அந்நிறுவனமே அனைவரையும் வெளியேற்றி முடித்துவைக்கிறது.