பின்பக்கக் கணக்குகள்

என் கணவருடைய நாட்குறிப்புகளுக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. சி.ஆர். கொப்பியின் முன்பக்கத்திலிருந்து இலக்கியம் தொடங்கும். அதையே தலைகீழாகத் திருப்பினால் வீட்டுக் கணக்கு. கொப்பி விலையேறிய காலம். ஒன்றுக்கு இரண்டு வேலை கொடுத்தோம். பன்விலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் அவர் ஆசிரியர். இராத்திரி சிமினி விளக்கின் முன்னால் உட்கார்ந்து முன்பக்கங்களை எழுதுவார். பின்பக்கங்களை நான் அடுப்படியிலிருந்து சொல்லச் சொல்ல, அதே பேனாவால் எழுதி முடித்துவிட்டு மறுபடி கொப்பியைத் திருப்பிக்கொள்வார்.

முன்பக்கங்களை வருங்காலத்துக்கென்றே எழுதினார். வீரகேசரியும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் சேர்ந்து சிறுகதைப் போட்டி நடத்திய காலம் அது. பரிசு பெற்ற கதைகள் 1971 இல் ‘கதைக்கனிகள்’ என்று நூலாக வந்தபோது, பேனா பிடித்த தோட்டத்து இளைஞர்கள் எல்லோருக்கும் தாங்களும் எழுதலாம் என்ற தெம்பு வந்தது. அவருக்கும் வந்தது. யதார்த்தமா அழகா என்று தன்னோடு தானே நடத்திய விவாதம், பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள், எழுதப்படாத ஒரு நாவலின் திட்டம் திரும்பத் திரும்ப. முக்கியம் என்று தோன்றிய இடங்களில் ஓரத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறார். பின்பக்கங்களில் ஒரு கோடு கூடக் கிடையாது.

அவர் இறந்தபின், இப்போது அந்தக் கொப்பிகள் அச்சுக்குப் போகின்றன. பேராதனையில் ஆய்வு செய்கிற மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். முன்பக்கங்களை மரியாதையோடு புரட்டினார். பின்பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 1973, 1974. கூப்பன் அரிசி குறைந்து, மா குறைந்து, சீனி கண்ணில் படாமல் போய், தோட்டங்களில் பட்டினியால் மனிதர் செத்த ஆண்டுகள். எந்தக் கிழமை எத்தனை இறாத்தல் மா கிடைத்தது, அதில் யாருக்கு எவ்வளவு கைமாற்றாகக் கொடுத்தோம், மரவள்ளிக்கிழங்கு என்ன விலை, எந்த லயத்தில் எந்தக் குழந்தையைப் புதைத்தார்கள், அன்றைய வேலைக்குப் பேர் விழுந்ததா இல்லையா, எல்லாம் அதில் இருக்கிறது. குழந்தைச் சாவு ஏன் கணக்கில் வந்தது என்று அந்த மாணவி கேட்டார். சாவு வீட்டுக்கு நாங்கள் கொடுத்த காசை எழுத வேண்டியிருந்தது, அதனால்தான்.

அதே பக்கங்களில்தான் இந்தியாவுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கண்டியிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். வழியனுப்பப் போனவர்களும் ஏறினவர்களும் அழுத அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வந்தது. ஒப்பந்தத்தைப் பற்றி முன்பக்கத்தில் நீளமான கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். கோபமான, நியாயமான கட்டுரைதான்; ஆனால் அன்றைய பத்திரிகைகளில் வந்த எதையும் விட அதில் கூடுதலாக ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் இருப்பது இது: மேற்கணக்கு லயத்துக் குடும்பம் போகிற நாள், அவர்களுக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி, அவர்கள் எங்களிடம் விட்டுப்போன அம்மி, இரண்டு கோழி, ஒரு சாமிப்படம். ‘திரும்பி வந்தால் கொடுக்க’ என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்.

கணவன் எழுத்தைப் பதிப்பிக்கிற மனைவி என்றால் நமக்கு முதலில் வருவது செல்லம்மா. பாரதி 1921 செப்டெம்பரில் கண் மூடினார். அடுத்த வருடமே செல்லம்மா ‘பாரதி ஆச்சிரமம்’ என்ற பேரில் ‘சுதேச கீதங்க’ளை வெளியிட்டுவிட்டார். அந்தக் காலத்துக் கைம்பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்றைக்கும் நாம் போதுமான அளவு பேசவில்லை. 1951 இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று அவர் ஆற்றிய உரையும் உண்டு. கவிஞர் குருவிகளுக்கு இறைத்த அரிசி, உலை வைக்க எடுத்து வைத்த அரிசி என்பதை அடுப்படியில் நின்றவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

கண்டியோடு தொடர்புள்ள இன்னொருவருக்கும் இதே வேலை வாய்த்தது. அவர்கள் விஷயத்தில் இறந்தவர் மனைவி, மிஞ்சியவர் கணவர். லெனார்ட் வூல்ஃப் 1907, 1908 இல் கண்டிக் கச்சேரியில் இளம் அதிகாரி. ஊர் திரும்பி எழுத்தாளர் வர்ஜீனியாவை மணந்தார். 1941 இல் வர்ஜீனியா இறந்தபின் நாட்குறிப்புக் கொப்பிகள் லெனார்ட் கையில் மிஞ்சின. 1953 இல் ஒரு தொகுதி வெளியிட்டார், எழுத்துத் தொழிலைத் தொட்ட பகுதிகளை மட்டும் எடுத்து. மற்றவை உயிரோடிருப்பவர்களைப் பற்றியவை என்று நிறுத்திவைத்தார். முழு நாட்குறிப்பு ஐந்து தொகுதிகளாக 1977க்கும் 1984க்கும் இடையில் வந்தபோது அவரும் இல்லை. அவர் செய்தது கண்ணியமான காரியம். ஆனால் அவருடைய சொந்தக் கொப்பி ஒன்றும் இருக்கிறதே! கண்டிக்குப் பிறகு அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, மேலிடத்துக்குக் காட்ட வேண்டிய கடமைக்காக எழுதிய உத்தியோக நாட்குறிப்பு. உப்பு, மாட்டு நோய், வயல், குளம். அரை நூற்றாண்டு கழித்து 1960களில் அதுவும் அச்சேறியது. அந்தக் கரைப்பகுதி மக்களின் வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

ஆகவே நான் வர்ஜீனியாவின் கணவர் செய்ததற்கு நேர்மாறாகச் செய்கிறேன். இலக்கியத்தைத் தெரிந்தெடுக்கிறேன்; கணக்கை முழுவதுமாகப் போடுகிறேன். என் கணவருடைய நண்பர்களில் இருவருக்கு இது வருத்தம். மாஸ்டரை மளிகைக் கணக்கு எழுதினவராகக் காட்டப் போகிறீர்களா அக்கா என்று கேட்டார்கள். அவர் எழுதியதிலேயே பொய் கலக்காத தமிழ் அங்கேதான் இருக்கிறது என்றேன். அப்படித்தான் நினைக்கிறேன். முன்பக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு மூன்று அடித்தல். பின்பக்கத்தில் அடித்தலே இல்லை.

1983 ஆடி மாதத்துக்கு இரண்டு பக்கமும் வெறுமை. இனக் கலவரம் நடந்த அந்தக் கிழமை கொப்பிகளை உரப்பையில் சுற்றி, பன்விலை டவுனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சிங்களக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தார். அவர்கள் நெல்மூட்டைகளோடு வைத்திருந்து, கேட்காமலேயே திருப்பிக் கொண்டுவந்து தந்தார்கள். அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் அவர் எழுதாததை நான் அவர் கொப்பிக்குள் எழுத மாட்டேன். வெற்றுப் பக்கத்தை வெற்றுப் பக்கமாகவே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். அச்சுக்காரர் தாள் வீண் என்றார். வீணாகட்டும்.

இதில் உண்மையாகவே கடினமானது வேறு. லயத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் படித்துச் சொல்வதும் அவர்தான். இந்தியாவிலிருந்து மகள் எழுதியது, போன இடத்தில் புருஷன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டது, குடியுரிமை விண்ணப்பத்தில் பிறந்த இடம் மாறிப்போனது, இப்படிப் பலதை நாட்குறிப்பில் படியெடுத்து வைத்திருக்கிறார். அழகான பகுதிகள். ஆய்வு மாணவி அவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்கிறார். நான் சேர்க்கவில்லை. வாத்தியாரை நம்பிச் சொன்னார்கள், புத்தகத்தை நம்பி அல்ல. எழுதியவர் சொந்தமாக வாழ்ந்ததை வெளியிட எனக்கு உரிமை உண்டு. அவரிடம் வந்து அழுதவர்களின் துன்பம் அவர் சொத்தும் இல்லை, என் சொத்தும் இல்லை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் போன்ற இடத்தில் அந்தப் பக்கங்களைப் பூட்டி வைக்க முடியுமா என்று விசாரிக்கிறேன். எரிக்க மாட்டேன். ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட் பர்ட்டன் 1890 இல் இறந்ததும் அவர் மனைவி இசபெல் கடைசிக் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டதைப் படித்திருக்கிறேன். அவருடைய பயம் புரிகிறது, ஆனாலும் நெருப்புக்குத் திருத்தம் கிடையாது.

என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் கடுமையாகவே. ‘இவளுக்கு என் எழுத்து ஒரு மண்ணெண்ணெய்ச் செலவு.’ மகன் டொரன்டோவிலிருந்து அழைத்து, ‘அதை மட்டும் எடுத்துடுங்கம்மா, பேரப்பிள்ளைங்க படிக்கும்’ என்றான். எடுக்கவில்லை. அன்றைய தேதிக்குப் பின்பக்கத்தில் மண்ணெண்ணெய் என்ன விலை என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். அப்போதுதான் அந்த வீடு தெரியும்.

கோச்சியில் போனவர்களின் பெயர்களை மட்டும் கேட்காமல் போட மனம் வரவில்லை. தாயகம் திரும்பினவர்களுக்கென்று நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டதால், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் விசாரித்தால் சிலரை இன்னும் கண்டுபிடிக்க முடிகிறது. பேரன்மாரும் பேத்திமாரும் பேசினார்கள். ஒரு பேத்திக்குத் தன் பாட்டி பன்விலையை விட்டுப் புறப்பட்ட தேதி தெரியாது. பின்பக்கத்திலிருந்து படித்துச் சொன்னேன், மறுமுனையில் அதை எழுதிக்கொண்டார். எங்களிடம் விட்டுப்போன அம்மியைப் பற்றியும் சொன்னேன். அநேகமாக எல்லோரும் பெயரைப் போடச் சொன்னார்கள், சிலர் தகப்பன் பெயரோடு முழுப்பெயராகப் போடச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், தன் தாத்தா எங்களிடம் வாங்கித் திருப்பித் தராத கடன் பற்றிய வரி வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன்.