கேட்டது நீங்கள், சொன்னது நான்

போன இதழில் போகிற போக்கில், பாட்டுப் போட்டி என்றால் அயர்லாந்துதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். தபால்காரர் முறைத்துக்கொண்டே மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். இந்த வாரம் முழுக்க யூரோவிஷன்தான்.

கே: அது என்ன யூரோவிஷன்? சுருக்கமாகச் சொல்லவும். (வாணியம்பாடி வாசகர்)

ப: 1956-ல் ஆரம்பித்த ஐரோப்பியப் பாட்டுப் போட்டி. நாட்டுக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷம், மேடையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. அந்த விதி மட்டும் இல்லையென்றால் எல்லோருக்கும் முதல் பரிசு.

கே: ஜெயித்தால் பரிசுத் தொகை எவ்வளவு? (திருப்பூர் வாசகர்)

ப: கண்ணாடியில் செய்த ஒரு மைக். பண முடிப்பு கிடையாது. இந்தக் கேள்வி திருப்பூரிலிருந்து வந்ததில் ஆச்சரியமும் கிடையாது.

கே: ஏழு முறை ஜெயித்த அயர்லாந்து 1996-க்குப் பிறகு ஒருமுறைகூட ஜெயிக்கவில்லையே, ஏன்? (மன்னார்குடி வாசகி)

ப: அப்படிக் கேளுங்கள்! 1970, 80, 87, 92, 93, 94, 96. தொண்ணூறுகளில் மற்ற நாடுகளையெல்லாம் கைதட்டுவதற்கு மட்டும் அழைத்தார்களோ என்று தோன்றும். விஷயம் தெரிந்தவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். அப்போது அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி. நார்வேக்காரர் நார்வே மொழியில் உருகினால் அக்கம்பக்கத்துக்கு மட்டும் புரியும். அயர்லாந்துக்காரர் ஆங்கிலத்தில் உருகினால் பாதி ஐரோப்பாவுக்குப் புரியும். 1999-ல் விதியை எடுத்தார்கள். எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். சலுகை போயிற்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மால்டாவும் அந்த நாளில் ஆங்கிலத்தில்தான் பாடியது. இன்றுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

என் கட்சி வேறு. அதே 1999-ல்தான் மேடைப் பக்கம் உட்கார்ந்து வாசித்த இசைக்குழுவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். (இவர் மறுபடியும் வயலின்காரர்களுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டார் என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. வாங்குவேன்.) அதோடு பாட்டு பின்னால் போய், மேடை வேடிக்கை முன்னால் வந்துவிட்டது என்பது என் வாதம். 1994-ல் அயர்லாந்து ஜெயித்தபோது மேடையில் இருந்தது ஒரு பியானோ, ஒரு கிட்டார், நடுவயசு ஆண்கள் இரண்டு பேர். புகை இல்லை, தீப்பொறி இல்லை, யாரும் கயிற்றில் தொங்கவில்லை. அந்தப் பாட்டுக்கு இசைக்குழுவே வாசிக்கவில்லையே என்று கார்டு எழுதப் பேனாவைத் திறந்திருக்கும் நண்பருக்கு: தெரியும், உட்காருங்கள்.

கே: அயர்லாந்துக்காக இரண்டு முறை பாடி ஜெயித்த ஜானி லோகன் அழகா, பாட்டு அழகா? (பெயர் வேண்டாம், சிவகாசி)

ப: பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் தெரிந்துவிட்டது.

கே: ஜெயித்த நாடுதான் அடுத்த வருஷப் போட்டியை நடத்த வேண்டுமாமே! செலவுக்கு என்ன செய்தார்கள்? (ஈரோடு வாசகர்)

ப: முழி பிதுங்கினார்கள். 1993, 94, 95 என்று வரிசையாக மூன்று வருஷம்! 93-ல் தலைநகரை விட்டுவிட்டு, கார்க் மாவட்டத்தில் மில்ஸ்ட்ரீட் என்ற ஊரில் நடத்தினார்கள். ஜனத்தொகை ஆயிரத்தைந்நூறு சொச்சம். அரங்கம், குதிரைகள் தடை தாண்டும் போட்டிக்காகக் கட்டியது. அதன் சொந்தக்காரர் நோயல் டக்கன், வாடகையே வேண்டாம், வாருங்கள் என்று தாமாகக் கடிதம் எழுதிக் கூப்பிட்டார். பிரிட்டிஷ் செய்தி வாசிப்பாளர் ஒருவர் அதை மாட்டுக் கொட்டகை என்று கேலி பேசினார். அந்தக் கொட்டகையிலிருந்துதான் ஐரோப்பா முழுக்க ஒளிபரப்பு போனது. பிரமாதமாக நடத்தினார்கள், சொந்த மேடையில் தாங்களே ஜெயித்துத் தொலைத்தார்கள், மறுபடியும் செலவு.

1996-ல் ‘ஃபாதர் டெட்’ என்ற நகைச்சுவைத் தொடரில், இனி நடத்த வசதியில்லை என்று வேண்டுமென்றே ஒரு மட்டமான குதிரைப் பாட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதாக ஒரு கதை வந்தது. நாடே சிரித்தது. தொலைக்காட்சி நிறுவனத்தின் கணக்குப் பிரிவும் சிரித்திருக்குமா என்பது என் சந்தேகம்.

கே: ஒரு நாட்டுக்காக அந்த நாட்டுக்காரர்தான் பாட வேண்டுமா? (நாகர்கோவில் வாசகி)

ப: வேண்டியதில்லை. அயர்லாந்துக்கு முதல் வெற்றி தந்த டானா பிறந்தது லண்டனில், வளர்ந்தது வட அயர்லாந்தின் டெர்ரியில். இரண்டு முறை பாடி ஜெயித்து, மூன்றாவது வெற்றிக்குப் பாட்டும் எழுதிக் கொடுத்த ஜானி லோகன் பிறந்தது ஆஸ்திரேலியாவில். நடனத்திலும் இதே கதைதான். 1994-ல் ஓட்டு எண்ணுவதற்குள் ஏழு நிமிஷம் போக்க ‘ரிவர்டான்ஸ்’ என்று ஒரு நடனம் வைத்தார்கள். அது உலகம் சுற்றப் புறப்பட்டு இன்னும் சுற்றுகிறது. ஐரிஷ் பாரம்பரியத்தின் உச்சம் என்றார்கள். முன்னால் நின்று ஆடிய இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள்.

கே: அயர்லாந்து ஒரு தடவை வான்கோழியை அனுப்பியது நிஜமா? (சிதம்பரம் வாசகர்)

ப: நிஜம். 2008, பெல்கிரேடு. குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் டஸ்டின் என்ற பொம்மை வான்கோழி. பாட்டே போட்டியைக் கிண்டல் செய்யும் பாட்டு. அரையிறுதியோடு மூட்டை கட்டியது. வான்கோழி அரங்கேறினால் என்ன ஆகும் என்று நம் ஔவையார் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்.

கே: 2026 போட்டியிலிருந்து அயர்லாந்து விலகியது சரியா? பாட்டில் அரசியல் எதற்கு? (பாளையங்கோட்டை வாசகர்)

ப: இதற்குக் கிண்டல் வரவில்லை. 2025 டிசம்பரில், இஸ்ரேல் பங்கேற்கலாம் என்று முடிவானதும், அயர்லாந்தின் பொதுத் தொலைக்காட்சி தன் முடிவைச் சொன்னது. காஸாவில் இத்தனை உயிர்கள் போயிருக்கும்போது வியன்னாவில் பாட மாட்டோம், போட்டியை ஒளிபரப்பவும் மாட்டோம். ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்லோவேனியா, பிறகு ஐஸ்லாந்தும் விலகின. பாட்டு வேறு, அரசியல் வேறு என்ற வாதம் எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தது. ஆனால் 2022-ல் உக்ரைன்மீது படையெடுத்த மறுநாளே இதே போட்டி ரஷ்யாவை வெளியே நிறுத்தியது, சரியாகத்தான் நிறுத்தியது. ஒரு தடவை போட்ட கோட்டை அடுத்த தடவை அழித்தால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பாடக் காத்திருந்த ஏதோ ஓர் ஐரிஷ் பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிற்று, அது நஷ்டம்தான். இருந்தும் விலகியது சரி என்றே நினைக்கிறேன்.

கே: அயர்லாந்து போதும், வேறு நாடு உண்டா? (பல வாசகர்கள்)

ப: உண்டு. லக்சம்பர்க் ஐந்து முறை ஜெயித்திருக்கிறது; பாடிய ஐந்து பேரில் ஒருவர்கூட அந்த நாட்டுக்காரர் இல்லை. அதைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள், ஒரு கார்டுக்கு ஒரு கேள்வி மட்டும்.