வாழ்த்து பேனர் கட்டுவது எப்படி?

அண்ணனூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேனர் கட்டத் தோதான கம்பம் எது என்று உங்கள் கண் தேடுகிறதா? உங்களுக்கு அரசியலில் எதிர்காலம் இருக்கிறது. அடுத்த பண்டிகைக்குள் இதையெல்லாம் செய்து முடியுங்கள்.

1. முதலில் முகங்களை அடுக்குங்கள். தலைவர், மாவட்டம், பொருளாளர், கும்பிட்டபடி நீங்கள், கீழே ஸ்டாம்பு சைஸில் உங்கள் பையன்கள். மிஞ்சிய மூலையில் பிறையோ, பிள்ளையாரோ, ஸ்டாரோ. இடம் போதாவிட்டால் பிள்ளையாரைச் சுருக்குங்கள். பொருளாளரைச் சுருக்கினால் பில் பாஸாகாது.

2. ரம்ஜானுக்குத் தலைமை காஜியின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், எதிர்க்கட்சி முந்திவிடும். இஃப்தாரில் தொப்பி போட்டு, நோன்புக் கஞ்சியை உதட்டருகே பிடியுங்கள். குடிக்க வேண்டாம். போட்டோகிராபர் சொல்லும்வரை இறக்கவும் வேண்டாம்.

3. நீங்கள் திமுக என்றால், தீபாவளிக்கு வாயே திறக்காதீர்கள். கேட்டால் கொள்கை என்று சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போது அதே கொள்கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் சதுர்த்தியன்று கலைஞர் டிவி காட்டிய வழி இருக்கிறது: 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சி.'

4. நீங்கள் பாஜக என்றால், தீபாவளியன்று எண்ணெய் தேய்ப்பதற்கு முன்பே, திமுக தலைவர் வாழ்த்தவில்லை என்று கண்டன அறிக்கை விடுங்கள். அவர் தப்பித்தவறி வாழ்த்திவிட்டால் உங்கள் தீபாவளி போச்சு.

5. தமிழ்ப் புத்தாண்டு பேனரில் மாதத்தை எழுதாதீர்கள். 2008இல் கருணாநிதி ஆட்சி தை முதல் நாள் என்று சட்டம் போட்டது. 2011இல் ஜெயலலிதா ஆட்சி சித்திரைக்கே திருப்பியது. ஆட்சி மாறினால் ஃப்ளெக்ஸ் வீணாகும்.

6. சட்டத்தை மதியுங்கள். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. 2017இல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வாக்காளரின் மதமும் இதில் அடக்கம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. ஆகவே 'ஓட்டு' என்று எழுதாதீர்கள். 'வாழ்த்து' என்று எழுதி, பக்கத்தில் சின்னத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

7. பண்டிகை முடிந்ததும் பேனரை அவிழ்க்காதீர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல வருகிறவர் உங்கள் சிரிப்பையாவது பார்த்துவிட்டுப் போகட்டும்.

8. பக்கத்து வீட்டு பாய் பிரியாணி கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போய் வாழ்த்துச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் வீட்டில் மொத்தமே நாலு ஓட்டு.