கல்லாங்குத்து

மதுரையிலிருந்து மேலூர் போகிறவர்கள், வயல்வெளி நடுவே திடீரென்று எழுந்து படுத்திருக்கும் யானைமலையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நம் வருவாய்த் துறை அப்படியெல்லாம் மயங்காது. இத்தகைய ஒற்றைக் குன்றுகளுக்கு அதன் பதிவேட்டில் உள்ள பெயர் கல்லாங்குத்து, தரிசு, பாறைப் புறம்போக்கு. சுற்றியிருந்த மென்பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு மழை வெயிலில் கரைந்தோட, கரைய மாட்டேன் என்று நின்றவை இவை. மழையால் முடியாததைக் கிரானைட் குவாரிக் குத்தகைதாரர் இருபதே வருடத்தில் முடித்துத் தருவார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காவது யுனெஸ்கோ இருக்கிறது, புலி இருக்கிறது, கவலைப்படக் கருத்தரங்குகள் இருக்கின்றன. சமவெளிக் குன்றுக்கு நாதியில்லை. குகையில் சமணப் படுக்கை இருந்தால் ஒரு பலகை நடுவார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் பாரம்பரியம், அந்தப் பக்கம் ஏற்றுமதி. மேலூர் அருகே கீழவளவுப் பக்கம் போய்ப் பாருங்கள்: பாறையில் தீர்த்தங்கரர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார், சற்றுத் தள்ளி, செங்குத்தாக அறுத்த சுவர், அதில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் துளைத் தடம், அடியில் பாசிபிடித்த தண்ணீர். குன்றில் விழும் மழை ஓடையாகிக் கண்மாய்க்கு வரவேண்டும். வந்தது குவாரியின் கழிவுக்கல்.

2012இல் மதுரைக் கலெக்டர் சகாயம் இந்தக் கிரானைட் கொள்ளையால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று எழுதினார். கடிதம் சென்னைக்குப் போனது. அவர் கோ-ஆப்டெக்ஸுக்கு, வேட்டி விற்கப் போனார். பிறகு உயர்நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னது. 2015இல் அவர் கொடுத்த அறிக்கையில் தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. பணத்துக்காவது கணக்குப் போட்டார்கள். மலைக்கு யார் போட்டது?

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி கதை இன்னும் ஜோர். 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிப்பு. 2024 நவம்பரில் அந்த இடத்தையும் சேர்த்து ஏறக்குறைய 5,000 ஏக்கர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம். அந்தக் குன்றில் வாழும் ராஜாளிக்கு யாரும் நோட்டீஸ் கொடுத்ததாகத் தெரியவில்லை. “நீங்கள் ஆட்சேபிக்கவே இல்லையே” என்றது மத்திய அரசு. “அப்போதே சொன்னோமே” என்றது மாநில அரசு. இவர்கள் கடிதத் தேதி தேடிக்கொண்டிருக்க, மேலூர் ஜனங்கள் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. உடனே மாலைக்கு நீண்ட கட்சிக் கழுத்துகளை எண்ணி மாளவில்லை. ஏலப் பட்டியலில் அரிட்டாபட்டியை எழுதிய கை எதுவென்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.