லெட்டர் கேட்ட இயந்திரம்

சென்ற வியாழக்கிழமை மாலை எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஓர் அச்சு இயந்திரம் என்னிடம் லெட்டர் கேட்டது.

வெகு நாட்கள் தேடி, எவரோ ஒரு புண்ணியவான் அச்சுக்குத் தக்கபடி தொகுத்து வைத்திருந்த, ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் கையேட்டை ஒருவழியாகக் கண்டுபிடித்து, 640 பக்கங்களையும் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய், "இரண்டு பக்கமும் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக் கொடு தம்பி" என்று கடைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னும் அரை மணியில் மடிக்கு வந்து சேரப்போகும் காகிதக் கட்டின் இளஞ்சூட்டை முன்கூட்டியே அனுபவித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சமயத்தில், அந்த இயந்திரம் இரண்டு தடவை கீச்சிட்டு நின்றுவிட்டது. தம்பி குனிந்து அதன் சிறு திரையை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"சார், லெட்டர் கேக்குது. லெட்டர் ஏதாச்சும் கொண்டு வந்திருக்கீங்களா?"

"என்ன லெட்டர்?"

"தெரியல சார். லோடு லெட்டர்னு போட்டிருக்கு. ஆபீஸ்ல கேப்பாங்களே, அந்த மாதிரி இருக்கும்."

அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆயுளில் பெரும்பகுதியைக் கவுண்டர்களின் முன்னே நின்று, "லெட்டர் கொண்டு வாங்க" என்ற மகாவாக்கியத்தைக் கேட்டே கழித்தவனாகையால், ஒரு கணம் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. யாரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். ஈமாக்ஸை இயற்றிய ரிச்சர்டு ஸ்டால்மனோ, யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற அநுமதியைக் கையேட்டின் உள்ளேயே அச்சிட்டு வைத்திருக்கிறார். அவரே தடை சொல்லாதபோது, தவணையில் வாங்கிய ஓர் இயந்திரம் குறுக்கே நிற்பதென்றால்! பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அது கேட்டது கடிதத்தையல்ல, லெட்டர் என்ற பெயருடைய அமெரிக்கக் காகிதத்தை.

இந்தக் கட்டுரையின் நோக்கம், ஒரு டெக்ஸ்ட் எடிட்டரின் கையேட்டை அச்சிட்டு வைத்துக்கொள்ள விரும்பும் வாசகர்களுக்கு, என் அநுபவத்தில் கண்ட மூன்று உத்தமமான வழிகளை எடுத்துரைப்பதேயாகும். அதற்கு முன்னால் இந்தக் காகித விவகாரத்தைச் சற்றே பிரஸ்தாபித்துவிடுகிறேன்.

உலகத்தில் பெரும்பாலோர் உபயோகிக்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இந்த அளவை வாய்க்கு வந்தபடி யாரும் சொல்லிவிடவில்லை. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருக்குமாயின், தாளைச் சரிபாதியாக மடித்தாலும் அதே விகிதம் மாறாமல் நிற்கும் என்ற சூட்சுமத்தை, லிச்டன்பர்க் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1786-ல் எழுதி வைத்தார். 1922-ல் போர்ஸ்ட்மன் என்பவரின் முயற்சியால் அது அந்நாட்டில் நியமமாயிற்று. அதே விகிதத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தாளை எடுத்து நான்கு தரம் பாதியாக வெட்டினால் ஏ4 கிடைக்கும். அமெரிக்கரோ, எட்டரை அங்குலத்துக்குப் பதினோரு அங்குலம் என்ற தங்கள் லெட்டர் தாளை விடுவதாயில்லை. அது நம்முடையதைவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது, 18 மில்லிமீட்டர் உயரம் குறைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், லிச்டன்பர்க் தம் யோசனையை எழுதியது ஒரு நண்பருக்குப் போட்ட கடிதத்தில். ஆக, ஏ4-இன் பெருமையைச் சொல்ல ஒரு லெட்டர் போதுமாயிருந்தது; லெட்டரின் சிறுமையைச் சொல்லத்தான் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது.

சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்றேன் அல்லவா? அதனால் ஒரு சௌகரியம் உண்டு: கல்வியை நிறுத்துப் பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள நல்ல தாளானால் ஒரு ஏ4 சரியாக 5 கிராம். என் கையேடு இருபுறமும் அச்சிட்டால் 320 தாள், அதாவது 1 கிலோ 600 கிராம். ஆனால் ஜெராக்ஸ் கடைகளில் போடுவது 70 கிராம் தாள். அந்தக் கணக்கில் 1 கிலோ 400 கிராம்தான் தேறும். 200 கிராம் எங்கே போயிற்று என்று நான் கேட்டதற்குத் தம்பி, ரேஷன் கடைக்காரர் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். லெட்டர் தாளிலேயே அச்சிட்டிருந்தால் இன்னும் ஏறத்தாழ 50 கிராம் குறைந்திருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், நியாயம் நியாயமே. இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஈமாக்ஸ் லிஸ்ப் மொழிக்கென்று தனியாக ஒரு கையேடு உண்டு, ஆயிரம் பக்கங்களுக்கு மேல். அதற்கு ஒரு முழு ரீம் காகிதமும் போதாது, இரண்டேகால் கிலோவாவது நிற்கும். அதே ஈமாக்ஸுக்குக் கட்டளைக் குறிப்பட்டை என்று ஒன்றும் இருக்கிறது; ஒரே தாள், முன்னும் பின்னும் மும்மூன்று பத்திகள், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம், எடை 5 கிராமுக்கும் உள்ளே. எனக்குத் தினந்தோறும் வேண்டிய விஷயம் முழுவதும் அந்த 5 கிராமில் இருக்கிறது. ஆனாலும் கட்டை விரல் மொத்தத்துக்கு ஒரு கட்டு இல்லாமல் எனக்குக் கற்றதாகவே தோன்றுவதில்லை. பழைய பேப்பர்காரர் ஒருவர் சென்ற ஆடியில் என் முந்தைய பிரதியைத் தராசில் வைத்துவிட்டு, "ஒரு பக்கம்கூட மடங்காம அப்படியே இருக்கே சார்" என்று வியந்து, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தார். இத்தனை வருஷங்களில் என் வாசிப்புக்குக் கிடைத்த ஒரே சன்மானம் அதுதான்.

கையேடு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்க வேண்டும், ஏடாக இருக்க வேண்டும். இப்போது கையேடு என்று தரப்படுவது கையிலும் இல்லை, ஏடாகவும் இல்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றுக்குத் தாவும் திரைப்பக்கங்களின் கூட்டம். அவற்றை அச்சிடப் போனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியும், காலில் அரை முழ முகவரியும், கடைசித் தாளில் ஒற்றை வரியும் வந்து விழுகின்றன. இதைச் சொன்னால் இளைஞர்கள், "தேடினா வந்துடுமே சார், எதுக்குப் பிரிண்ட்?" என்று, கற்காலத்து மனிதனிடம் பேசுவதைப்போல் பரிவோடு கேட்கிறார்கள். பெயர் தெரிந்ததை அல்லவோ தேட முடியும்? பெயரே தெரியாத ஒன்றின்மேல் தற்செயலாகக் கண் விழுவதற்குத்தான் காகிதம். சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ச் சுவடி தேடினார் என்றால், சுவடி என்று ஒன்று எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்கும் என்ற நம்பிக்கையாவது அவருக்கு இருந்தது. பனையோலைக்கு லெட்டர், ஏ4 என்ற பேதமும் கிடையாது. துளையிட்டுக் கயிறு கோத்தால் பைண்டிங் முடிந்தது.

ஈமாக்ஸோ, தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் எடிட்டர் என்று பெயர் வாங்கியது. வேதாந்தத்தில் சொல்லும் ஸ்வயம்பிரகாச வஸ்துவைப்போல. கண்ட்ரோலும் ஹெச்சும் அமுக்கி, அதன்பின் ஆர் என்ற எழுத்தைத் தட்டினால் முழுக் கையேடும் திரையில் விரியும். அதை அமுக்க வேண்டும் என்பது கையேட்டில் எழுதியிருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் மட்டுமே இருப்பதாக நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பழைய டெர்மினல்கள் சிலவற்றில் எழுத்தை அழிக்கும் விசையும் இந்தக் கண்ட்ரோல் ஹெச்சும் ஒன்றாகவே இருந்தபடியால், பிழையை அழிக்கப் போனவர்களுக்கு உபதேசம் வந்து நிற்குமாம். என் பள்ளி ஆசிரியர்களில் பலர் இந்த ஜாதி. அதே ஹெச்சை இன்னொரு தரம் தட்டினால் உலகத்து மொழிகளிலெல்லாம் முகமன் கூறும் ஒரு பக்கம் வருகிறது. அதில் தமிழுக்கு "வணக்கம்" என்று ஒரு சொல் இருக்கிறது. குறிப்பட்டையை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ரஷ்யனிலும் போலிஷிலும் பெயர்த்திருக்கிறார்கள். நமக்கு ஒரு கும்பிடு. நம்மில் யாரும் பெயர்த்துக் கொடுக்கவில்லை என்பதே காரணம், நானும் கொடுக்கவில்லை.

கடைக்கு வருவோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கினால் இயந்திரம் ஏ4-ஐ ஏற்றுக்கொள்ளும் என்று முதலில் தெரிந்தது. 640 தடவை அமுக்குவதற்குத் தம்பியும் சித்தமாயில்லை, நானும் இல்லை. பிறகு அவனே எங்கோ ஒரு கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தைத் தாளுக்குள் அடங்குமாறு 97 சதவீதமாகச் சுருக்கினான். மூலக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் ஏ4 அளவிலேயே வந்திருக்கும் என்று அவனுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கையில், நூறாவது பக்கம் தாண்டிவிட்டது.

"ஒரே ஸ்பைரல்ல நிக்காது சார், ரெண்டா போட்டுடறேன்" என்றான். தலையசைத்துவிட்டேன். இந்தக் கையேட்டுக்குச் சொல்லடைவு ஒன்றல்ல, ஐந்து: விசைகளுக்கு ஒன்று, கட்டளைகளுக்கு ஒன்று, மாறிகளுக்கு ஒன்று, துவக்கும்போது கொடுக்கும் விருப்பங்களுக்கு ஒன்று, பொதுவான விஷயங்களுக்கு ஒன்று. ஐந்தும் கடைசியில் இருப்பதால், முதல் பாகத்தில் எதைத் தேடுவதற்கும் இரண்டாம் பாகம் வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. "இதையாவது படிப்பீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அன்றிரவே படிக்க உட்கார்ந்தேன்; இரண்டாம் பாகத்தில்தான், பிற்சேர்க்கையில்தான். அங்கே, காலத்தில் பின்னோக்கி வாழ்பவர்களின் நன்மைக்காக, முந்தைய பதிப்புக்கு இறங்குவதால் வாய்க்கும் அநுகூலங்களை ஒரு முழு அத்தியாயத்தில் விஸ்தரித்திருக்கிறார்கள். பரிகாசம்தான். ஆனால் நான் அச்சிட்ட பிரதி இப்போது என் கணினியில் இருப்பதற்கு மூன்று பதிப்பு பழையது என்பதை அந்த அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விம் என்ற மற்றோர் எடிட்டரின் சம்பிரதாயத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வந்தார். எங்கள் இரு கட்சிக்கும் உள்ள உறவு, வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள உறவுதான். 1976-ல் பில் ஜாய் எழுதிய வீஐ-யின் வழித்தோன்றல் அவர்களுடையது. அம்புக்குறி விசைகளை விட்டு ஹெச், ஜே, கே, எல் என்ற எழுத்துக்களால் நகர்வதை அவர்கள் அநுஷ்டானமாகக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய உதவிப் பக்கங்களில், உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவி செய்யுங்கள் என்று விம்மின் கர்த்தா பிராம் மூலனார் எழுதி வைத்த வேண்டுகோள் இருப்பதால், விவாதம் முற்றும் ஒவ்வொரு சமயத்திலும் நான்தான் தலைகுனிய நேரிடுகிறது. அன்றும் அப்படியே ஆயிற்று. போகும்போது அவர், "எங்கேயாவது தப்பு இருக்கான்னு பார்க்கறேன்" என்று சொல்லி முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வழிகளையும் நான் தெளிவாகக் குறித்து வைத்திருந்தேன்; அந்தத் தாள் முதல் பாகத்தில் 40-ம் பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகியிருக்கிறது. நண்பர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு விண்ணப்பம்: ஐந்து சொல்லடைவும் என்னிடம் இருக்கின்றன, அவை இல்லாமல் உங்களால் அதில் ஒரு தப்பைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. தயவுசெய்து 700 கிராமையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.