ஸ்டைல் பக்கத்து அக்கா

பெண்கள் பத்திரிகையில் ஸ்டைல் பக்கம் எழுதும் அக்காவுக்கு ஞாபகசக்தி ஓர் இதழோடு சரி. தீபாவளி மலரில் “உங்ககிட்ட போட் நெக் பிளவுஸ் இல்லையா!” என்று அதிர்ச்சி அடைவார். பொங்கல் மலரில் “இன்னுமா போட் நெக் போடுறீங்க!” என்று அதே அதிர்ச்சி, அதே ஆச்சரியக்குறி. நடுவில் தையற்கூலி அழுதவர்கள் அவர் கணக்கில் வரமாட்டார்கள்.

உடம்பென்றால் அவருக்குப் பழக்கடை. நீங்கள் ஆப்பிளா, பேரிக்காயா? ஏதாவது ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். குள்ளமானவர்கள் பெரிய பார்டர் கட்டக்கூடாது. உயரமானவர்களுக்கு நெடுங்கோடு ஆகாது. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் ஆர்கன்சா பக்கமே தலைவைக்கக் கூடாது. இப்படி எல்லோரையும் கழித்துக்கட்டிய பிறகு மிஞ்சுகிறவள், பக்கத்துப் படத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கும் மாடல் ஒருத்திதான். அவள் காலடியில் பொடி எழுத்தில்: ‘விலை விவரம் கடையில்.’ கடையில் கேட்டவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு, கைக்குட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அக்காவின் வம்சம் பெரியது. 1936-இல் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் டயானா வ்ரீலண்ட் தொடங்கிய பத்தி, குழந்தையின் பொன்னிற முடியை நுரை அடங்கிப்போன ஷாம்பெயினில் அலசினால் என்ன என்று கேட்டது. ஊரில் பலர் வேலை தேடி அலைந்த பஞ்ச காலம் அது. அந்த வகையில் நம் அக்கா சிக்கனக்காரர். அம்மாவின் கூறைப்புடவையை வெட்டி லெஹங்கா தைக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

நிறத்துக்கு மட்டும் வெளிநாட்டு உத்தரவுதான். பான்டோன் நிறுவனம் 2025-க்கான நிறம் ‘மோக்கா மூஸ்’ என்று அறிவித்ததும் முழுப் பக்கம் ஒதுக்கினார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போன வாசகியிடம் புடவைக்கடைப் பையன், “லைட் காபி கலர்தானேக்கா? ஆடித் தள்ளுபடியிலயே போகாம கிடக்கு” என்று அடித்தட்டிலிருந்து ஒரு கட்டை இழுத்துப் போட்டான்.

இவ்வளவு எழுதியவர் நைட்டியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. பால் வாங்க, குப்பை கொட்ட, வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேச என்று தமிழச்சியின் பாதி நாள் அதில்தான் கழிகிறது. ஒரு வாசகி துணிந்து கேட்டே விட்டார்: “ரோஸ் பூப்போட்ட நைட்டிக்கு மேலே எந்தக் கலர் துண்டு எடுப்பா இருக்கும்?”

பதில் வரவில்லை. அக்கா அப்போது அடுத்த இதழுக்கு ‘ஏர்போர்ட் லுக்’ எழுதிக்கொண்டிருந்தார், தோளில் கிடந்த ஈரிழைத் துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.